அழுத்தம் இருந்தால்தான் தூய்மை

பெற்றோரும் பிள்ளைகளும் நாள்தோறும் பருகும் நீரைத் தூய்மை செய்து தரும் ஒரு கருவி, இன்று நம் அடுக்களைகள் பலவற்றின் சுவரில் நிலையான இடம் பெற்றுவிட்டது. அதை வாங்கி மாட்டிய நாளில் குடும்பமே கூடி நின்று பார்க்கிறது. ஆனால் ஆண்டுகள் இரண்டு மூன்று கழிந்து, தாராளமாக வந்த நீர் நூலிழை போல் மெலிந்து போகும்போதுதான், அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்னும் கேள்வி முதன்முதலாக எழுகிறது. பழுது பார்க்க வருபவர் மூடியைத் திறந்து, "பம்பு போய்விட்டது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுகிறார். பணம் கைமாறுகிறது. நீரும் மீண்டும் வருகிறது. வந்த நீர் முன்போல் தூயதுதானா என்று கேட்பவர் மிகச் சிலரே.

ஆர்.ஓ. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் இக்கருவியில் பம்பின் பணி யாது? அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? எவ்வாறு பொருத்துவது? இவற்றை ஒவ்வோர் இல்லத்தாரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று. நீர் விரைவாக வருவதற்காக வைத்த சாதனம் இது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில், நீர் தூயதாக வருவதற்கும் இதுவே காரணம். அது எப்படி என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

சவ்வும் உப்பும்

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் அவை நீர் விட்டுக்கொள்வதை நம் தாய்மார்கள் அறிவார்கள். உலர்ந்த திராட்சையை வெறும் நீரில் இட்டால் அது உப்பிப் பருத்துவிடுவதையும் அறிவார்கள். இரண்டும் ஒரே விதியின் செயல்கள். நுண்ணிய சவ்வு ஒன்றின் ஒரு புறம் உப்போ சர்க்கரையோ மிகுந்த நீரும், மறுபுறம் அவை குறைந்த நீரும் இருக்குமானால், குறைந்த பக்கத்து நீர் மிகுந்த பக்கத்தை நோக்கித் தானே செல்லும்.

இவ்விதியைச் சோதனை வாயிலாக முதலில் பதிவு செய்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் ழான் அந்துவான் நொல்லே. இவர் நம் திருச்சபையில் திருத்தொண்டர் பட்டம் பெற்றவர். இயற்பியல் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்டவர். 1748ஆம் ஆண்டில், சாராயம் நிரம்பிய பாத்திரமொன்றின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி, அதை நீருக்குள் அமிழ்த்தி வைத்தார். நேரம் செல்லச் செல்ல, நீர் அச்சவ்வின் ஊடே உட்புகுந்து அதைப் புடைக்கச் செய்தது.

இயற்கையின் இப்போக்கைத் திருப்பிவிட்டால் என்ன? உப்பு மிகுந்த பக்கத்தில் வலுவான அழுத்தம் கொடுத்தால், நீர் மட்டும் எதிர்த்திசையில் சவ்வைக் கடந்து வரும், உப்பு பின்தங்கிவிடும். ஆர்.ஓ. என்பதன் பொருள் இவ்வளவே. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் 1950களின் இறுதியில் மேற்கொண்ட ஆய்வில், இதற்கு ஏற்ற செயற்கைச் சவ்வை உருவாக்கினர். அதன் பயனாக, 1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கோலிங்கா நகரில் உவர்நீரைக் குடிநீராக மாற்றும் நிலையம் இயங்கத் தொடங்கியது. நம் வீட்டுக் கருவியில் பழுது பார்ப்பவர் மெம்பிரேன் என்று குறிப்பிடும் உருளைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருப்பது அச்சவ்வின் வழித்தோன்றலே.

மேல்நிலைத் தொட்டி தரும் அழுத்தம்

வீடுகளில் பயன்படும் சவ்வுக்கு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் சுமார் மூன்றரை முதல் நான்கரைக் கிலோ அழுத்தம் வேண்டும். பம்புகளின் மேலும் சவ்வின் உறையிலும் இதையே பி.எஸ்.ஐ. என்னும் ஆங்கில அளவில் 50 முதல் 60 வரை என அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ.க்குச் சமம்.

நம் மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு அழுத்தம் தருகிறது? கணக்கு எளியது. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் கிலோவில் பத்தில் ஒரு பங்கு அழுத்தம் கிடைக்கும். தளம் ஒன்றே உள்ள வீட்டில், அடுக்களைக் கருவிக்கும் மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே மூன்று அல்லது நான்கு மீட்டர் உயரம் இருக்கலாம். ஆகவே கிடைப்பது 0.3 அல்லது 0.4 கிலோ மட்டுமே. குழாயைத் திறந்தால் வாளி விரைவில் நிரம்புகிறதே என்று கேட்கலாம். அகன்ற குழாயில் நிறைய நீர் வருவது வேறு; அந்நீர் அழுத்தத்தோடு வருவது வேறு. மூன்றரைக் கிலோ அழுத்தத்தை உயரத்தாலேயே பெற வேண்டுமானால் தொட்டியை 35 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். ஓங்கி வளர்ந்த தென்னையைவிட அது உயரம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகள் ஆயிரம் மில்லிகிராம் இருந்தால், அந்நீர் சவ்வைக் கடக்க மறுத்து எதிர்க்கும் விசையே சுமார் 0.7 கிலோ ஆகும். மாடித் தொட்டியின் 0.4 கிலோ அவ்வெதிர்ப்பைக்கூட வெல்லாது. இக்குறையை நிரப்பவே, ஒரு சொம்பின் அளவே உள்ள அந்தச் சிறு பம்பு கருவிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மோட்டார் சுழலும்போது ஒரு தட்டு சாய்ந்து சாய்ந்து அசைந்து, ரப்பர் சவ்வுகளை மாறி மாறி அமுக்குகிறது. உள்ளே வந்த நீர் அழுத்தம் பெற்று மறுபுறம் வெளியேறுகிறது. பூஸ்டர் பம்பு என்று கடையில் கேட்டால் கிடைப்பது இதுவே.

இதைக் குளியலறைக் குழாய்களுக்கு வேகம் தரும் பெரிய பம்போடு குழப்பிக்கொள்ளலாகாது. தெருக்குழாய் இணைப்பில் மோட்டார் வைத்து நீரை உறிஞ்சும் வழக்கத்தோடும் இதற்குத் தொடர்பில்லை. அது தடைசெய்யப்பட்ட செயல். அயலாருக்குச் சேர வேண்டிய நீரை இழுப்பதோடு, மண்ணுக்கடியில் விரிசல் கண்ட குழாய்களின் வழியே சாக்கடை நீரையும் உள்ளே இழுத்துவிடும். நாம் பேசும் சிறு பம்பு, நம் சொந்தத் தொட்டியிலிருந்து கருவிக்குள் வந்துவிட்ட நீரை மட்டுமே உந்துகிறது.

அழுத்தம் குறைந்தால் உப்பு கூடும்

இக்கட்டுரையில் வாசகர்கள் நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சவ்வைக் கடக்கும் நீரின் அளவு அழுத்தத்தைப் பொறுத்தது. ஆனால் சவ்வைக் கடந்து கசியும் சிறிதளவு உப்போ, அழுத்தத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அழுத்தம் மிகுந்தாலும் குறைந்தாலும் அது ஏறத்தாழ ஒரே வேகத்தில் கசிந்துகொண்டேயிருக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள பம்பு 4.2 கிலோ அழுத்தம் தருகிறது என்று கொள்வோம். உப்பு நீரின் எதிர்ப்பாக 0.8 கிலோவைக் கழித்தால் 3.4 கிலோ மிஞ்சுகிறது. பம்பு தேய்ந்து அழுத்தம் 2.4 கிலோவாகக் குறைந்தால் மிஞ்சுவது 1.6 கிலோ, முன்னிருந்ததில் பாதிக்கும் குறைவு. வரும் தூய நீரும் பாதியாகும். கசியும் உப்பு மட்டும் குறையாது. ஆகவே ஒவ்வொரு குவளையிலும் உப்பு இருமடங்காகும். நீர் மெல்ல வருகிறது, ஆனாலும் நல்ல நீர்தானே என்று பொறுத்துக்கொள்ளும் இல்லத்தார், தாம் பருகும் நீரின் தரமும் தாழ்ந்துவிட்டதை அறிவதில்லை.

வெறும் உவர்ப்பு மட்டுமெனில் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஃபுளோரைடு அப்படியன்று. அதற்குச் சுவையில்லை, நிறமில்லை, மணமில்லை. இந்திய தரநிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத் தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் பருகும் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறும். நாளடைவில் எலும்புகளும் மூட்டுகளும் விறைத்துப்போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் நெடுங்காலம் அனுபவித்த இத்துன்பத்தைத் தணிக்கவே, 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்தது. கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். சரியான அழுத்தத்தில் இயங்கும் ஆர்.ஓ. சவ்வு அதன் பெரும்பகுதியை நீக்கிவிடும். இத்தகைய ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பியுள்ள வீட்டில் பம்பு நலிவுற்றால், குழந்தையின் குவளையில் என்ன சேர்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே மற்றோர் எச்சரிக்கையும் தேவை. பல கருவிகளில், சவ்வைக் கடக்காத நீரில் சிறிதைத் தூய நீரோடு கலக்கும் ஒரு சிறு திருகு உண்டு. சுவைக்காக வைக்கப்பட்டது அது. பம்பு மெலிந்தபோது, நீர் வேகமாக வரட்டும் என்று அத்திருகை மிகுதியாகத் திறந்துவிட்டுச் செல்லும் பணியாளரும் உண்டு. நீர் பெருகியதைக் கண்டு வீட்டார் மகிழ்கின்றனர். பெருகியது சுத்திகரிக்கப்படாத நீர் என்பதை அவர்கள் உணர்வதில்லை. ஃபுளோரைடு உள்ள ஊர்களில் இத்திருகு முழுதும் மூடியிருத்தல் வேண்டும்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. புதிய பம்பை வாங்குமுன் சிலவற்றை அளந்து பார்த்தல் அறிவுடைமை.

முதலாவதாக, நம் வீட்டு நீர் எத்தகையது என்று அறிய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத் தக்க அளவு. ஃபுளோரைடு, நைட்ரேட் போன்ற தீங்குகளும் இல்லையெனில், அவ்வீட்டுக்கு ஆர்.ஓ. கருவியே தேவைப்படாமல் போகலாம். காய்ச்சி ஆறவைத்த நீரே போதும். தேவையற்ற கருவிக்குப் பம்பு தேடி அலைவானேன்?

இரண்டாவதாக, கருவிக்கு வெளியே தொங்கும் முன்வடிகட்டியைப் பார்க்க வேண்டும். அதன் வெண்ணிற உருளை சேறு படிந்து செம்பழுப்பாகியிருந்தால் பம்புக்கு நீரே போய்ச் சேராது. மலிவான அவ்வுருளையை மாற்றியதும் பம்பு பழுதில்லை என்று தெரியவரும் இல்லங்கள் உண்டு.

மூன்றாவதாக, அடாப்டரைச் சோதிக்க வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைத்துப் பம்புக்குத் தரும் கறுப்புப் பெட்டி இது. இது நலிந்தால் பம்பு முனகுமே தவிர அழுத்தம் தராது. மின்பணியாளர் தம் மீட்டரை வைத்து ஒரு நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார்.

நான்காவதாக, கருவிக்கு உள்ளே நீரைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு திறக்கிறதா, சேமிப்புத் தொட்டியின் மிதவை சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது சோதனையே முடிவானது. பம்புக்கும் சவ்வுக்கும் இடையே ஒரு அழுத்தமானியைப் பொருத்திக் கருவியை ஓடவிடுங்கள். முள் நான்கு கிலோவுக்கு மேல் நின்றும் நீர் மெல்லவே வந்தால், குற்றம் பம்பில் இல்லை. அடைத்துப்போன சவ்வில் இருக்கிறது. முள் மூன்று கிலோவையும் எட்டாவிட்டால் பம்பைச் சந்தேகிக்கலாம். எனினும், கழிவுநீர்க் குழாயில் உள்ள கட்டுப்படுத்தி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும். விரல் நீளமுள்ள அச்சிறு குழல், நீர் தங்குதடையின்றி வெளியேறாமல் தடுத்துச் சவ்வுக்குள் அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. அது கழன்றிருந்தால் எத்துணைப் புதிய பம்பும் பயன்தராது.

தேர்ந்தெடுக்கும் முறை

பம்பின் உறையிலும் சவ்வின் உறையிலும் 75 அல்லது 100 ஜி.பி.டி. என்று எழுதியிருக்கும். ஒரு நாளில் கிடைக்கும் நீரை அமெரிக்க காலன் அளவில் குறிப்பது இது. 75 என்பது நாளொன்றுக்குச் சுமார் 284 லிட்டர். அதாவது மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் 25 லிட்டர் தேவையென்றாலும் இரண்டரை மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும். ஆகவே பெரிய எண் கண்டு மயங்க வேண்டா. சவ்வு எந்த எண்ணுக்கு உரியதோ, அதற்குப் பொருந்தும் பம்பையே வாங்குக. சவ்வு பெரிதாகவும் பம்பு சிறிதாகவும் இருந்தால் அழுத்தம் நிற்காது. சவ்வு சிறிதாகவும் பம்பு பெரிதாகவும் இருந்தால் அழுத்தம் மிகுந்து இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்து மின்னளவு. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்னோட்டமே வழக்கம். பெரிய கருவிகள் சிலவற்றில் 36 வோல்ட்டும் உண்டு. பழைய பம்பின் மேல் எழுதியுள்ள வோல்ட்டும் புதியதன் வோல்ட்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அடாப்டரின் ஆம்பியர் அளவு பம்பு கேட்பதைவிடச் சற்று மிகுந்திருக்கலாம், குறைந்திருக்கலாகாது.

மூன்றாவது, இயங்கும் அழுத்தம். 60 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை சீராகத் தரும் பம்பு வீட்டுக்குப் போதுமானது. நீரைத் தொடும் பாகங்கள் குடிநீருக்கு ஏற்ற பொருளால் ஆனவை என்னும் குறிப்பும், உத்தரவாதச் சீட்டும், பற்றுச்சீட்டும் கேட்டு வாங்க வேண்டும். பல பம்புகளில் மோட்டார் வேறாகவும் தலைப்பகுதி வேறாகவும் கழலும். ரப்பர் சவ்வு மட்டும் கிழிந்திருந்தால் தலைப்பகுதியை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாம்.

குளிர்ந்த ஊர்களில் வாழ்வோருக்கு ஒரு குறிப்பு. சவ்வின் திறன் 25 பாகை வெப்பத்தில் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு பாகை குறையும்போதும் நீரின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று வீதம் குறையும். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழியில் நீர் 12 பாகைக்கு இறங்கினால், வரும் நீர் மூன்றில் ஒரு பங்கு குறைவது இயல்பே. அதைப் பம்பின் பழுதென்று கருத வேண்டா. சமவெளியிலோ நிலைமை நேர்மாறானது. கோடையில் மாடித் தொட்டியின் நீர் நண்பகலில் கொதிப்பதுபோல் சூடேறும். 45 பாகைக்கு மேற்பட்ட நீர் சவ்வைக் கெடுக்கும். எனவே கோடையில் காலை வேளையிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளுதல் நன்று.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கீழ்த்தளத்தில் வாழ்வோரின் நிலை வேறு. பத்துத் தளங்களுக்கு மேலுள்ள தொட்டியிலிருந்து அவர்களுக்கு மூன்று கிலோ அழுத்தம் வரை வரக்கூடும். வீட்டுக் கருவிகள் பல இத்தனை அழுத்தத்தை வாயிலில் தாங்கா. அங்கே, கருவிக்கு முன்னால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டியிருக்கும்.

பொருத்தும் முறை

இப்பணியைத் தேர்ந்த பணியாளரிடம் ஒப்படைப்பதே சிறந்தது. ஆயினும் அருகில் நின்று பார்ப்பவருக்கு முறை தெரிந்திருந்தால் பிழை நேராது.

முதலில் மின்செருகியைப் பிடுங்க வேண்டும். நீர் வரும் வால்வை மூட வேண்டும். குழாய்களில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். எந்தக் குழாய் எங்கே செல்கிறது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பின்னர்க் குழப்பம் இராது.

பம்புக்கு முன்னால் சேற்றை வடிக்கும் வடிகட்டி ஒன்றேனும் கட்டாயம் இருக்க வேண்டும். மணல் துகள் ஒன்று உள்ளே போனாலும் அதன் சிறு வால்வுகள் மூடமாட்டா. பம்புக்குப் பின்னால் சவ்வு அமையும். கரி வடிகட்டி சில கருவிகளில் பம்புக்கு முன்னும், சிலவற்றில் பின்னும் இருக்கும். கருவியோடு தந்த வரைபடத்தையே பின்பற்றுக. பம்பை ரப்பர் அடிகளின் மேல் பொருத்தினால் அதிர்வும் இரைச்சலும் அடங்கும். தலைப்பகுதி கீழ்நோக்கியும் மோட்டார் மேல்நோக்கியும் இருப்பது நலம். என்றேனும் நீர் கசிந்தால் அது தரையில் விழுமேயன்றி மோட்டாருக்குள் இறங்காது.

நீர் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் பம்பின் மேல் அம்புக்குறியாலோ எழுத்தாலோ காட்டப்பட்டிருக்கும். குழாயின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்டி, இணைப்புக்குள் முட்டும்வரை செருகி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். சாய்வாக வெட்டிய முனையே பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம். மரையுள்ள இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனரால் முறுக்கினால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும்.

மின்கம்பிகளில் சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்பும் இணைய வேண்டும். தொட்டி வறண்ட வேளையில் பம்பு வெறுமனே ஓடிச் சூடேறாமல் காக்க, நீர் நுழையும் பக்கத்தில் தாழ் அழுத்த விசை ஒன்று இருத்தல் அவசியம். தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்துவது மிதவை விசையின் வேலை. அடுக்களை மேடைக்கு அடியில் வைக்கும் மூடிய அழுத்தத் தொட்டியுள்ள கருவிகளில், அவ்வேலையைத் தூய நீர்க் குழாயில் உள்ள உயர் அழுத்த விசை செய்யும்.

எல்லாம் முடிந்ததும் வால்வைத் திறந்து, பம்பை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் உலர்ந்த தாளை வைத்து ஒரு மணி நேரம் கவனிக்க வேண்டும். ஒரு துளி நனைந்தாலும் அவ்விணைப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். அழுத்தமானியின் அளவையும், டி.டி.எஸ். மீட்டரால் உள்ளே வரும் நீர், வெளிவரும் நீர் ஆகியவற்றின் உப்பையும் அளந்து குறித்துக்கொள்க. கலக்கும் திருகு மூடிய நிலையில் உள்ளே 900 இருந்தால் வெளியே 90 அல்லது அதற்கும் குறைவாக இருப்பது நல்ல அடையாளம். டி.டி.எஸ். மீட்டர் ஃபுளோரைடைத் தனியே காட்டாது என்பதை மறவற்க. அதற்குப் பரிசோதனைக் கூடமே வழி. சவ்வையும் புதிதாக மாற்றியிருந்தால், முதல் இரண்டு தொட்டி நீரைப் பருகாமல் வேறு பணிகளுக்குப் பயன்படுத்திவிட வேண்டும்.

நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது. அடாப்டர் தரையில் கிடக்கலாகாது. கருவிக்கு நேர் கீழேயும் வைக்கலாகாது. கம்பியைச் செருகிக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால், வழியும் நீர் செருகியை எட்டாமல் கீழே சொட்டிவிடும். நில இணைப்பு உள்ள மூன்று துளைச் செருகுவாயும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு விசையும் வீட்டில் இருப்பது உயிர்க்காப்பு. கருவியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் செருகியைப் பிடுங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வீணாகும் நீர்

ஒரு குடம் தூய நீருக்கு மூன்று குடம் கழிவுநீர் என்பது சாதாரண வீட்டுக் கருவிகளில் காணும் கணக்கு. நாளொன்றுக்கு 20 லிட்டர் தூய நீர் பெறும் வீடு 60 லிட்டரை வெளியேற்றுகிறது. ஓராண்டில் அது 21,900 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஏறத்தாழ இரண்டு. பம்பு மெலிந்தால் தூய நீர் குறைந்து கழிவின் வீதம் இன்னும் ஏறும். பம்பைச் சரியான நேரத்தில் மாற்றுவது நீரைச் சேமிப்பதும் ஆகும்.

கழிவைக் குறைக்கிறோம் என்று கட்டுப்படுத்தியை இறுக்கி அடைப்போரும் உண்டு. அது தவறு. வெளியேற வழியின்றித் தேங்கும் உப்பு சவ்வின்மேல் படிந்து அதை விரைவில் அழித்துவிடும். வெளியேறும் நீரை ஒரு தொட்டியில் பிடித்துத் தரை துடைக்கவும், பாத்திரங்களை முதல் முறை அலசவும், கழிவறைக்கும் பயன்படுத்துவதே முறை. உப்பு மிகுந்திருந்தால் செடிகளுக்கு ஊற்ற வேண்டா. கருவி நின்றிருக்கும்போதும் கழிவுக் குழாயில் நீர் சொட்டிக்கொண்டேயிருந்தால் சொலினாய்டு வால்வு மூடவில்லை என்று பொருள். இரவெல்லாம் நீர் சாக்கடைக்குப் போகிறது. உடனே மாற்ற வேண்டும்.

இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

மாதம் ஒருமுறை, ஒரு லிட்டர் பாத்திரம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். சேமிப்புத் தொட்டியிலிருந்து பிடிக்காமல், சவ்விலிருந்து வரும் குழாயிலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். 75 ஜி.பி.டி. சவ்வு புதிதாக இருக்கும்போது ஐந்து நிமிடத்தை ஒட்டி நிரம்பும். வாரங்கள் செல்லச் செல்ல அது எட்டு, பத்து என்று ஏறினால் முன்வடிகட்டியிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள். உள்நீரின் உப்பும் வெளிநீரின் உப்பும் என்ன என்பதைத் தேதியோடு அதே தாளில் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பள்ளியில் அறிவியல் பயிலும் பிள்ளைகளிடமே இப்பொறுப்பைக் கொடுக்கலாம். பாடநூலில் படித்த அழுத்தமும் கரைசலும் அவர்கள் கண்முன்னே விளங்கும்.

அத்தாள் இருக்கும் வீட்டில், பழுது பார்க்க வருபவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. எது குறைந்தது, எப்போது குறைந்தது என்று தாய் எடுத்துக்காட்டுவார். மாற்ற வேண்டியது ஒரு வடிகட்டியா, அடாப்டரா, பம்பா என்பது தெளிவாகும். பணம் மிச்சமாவது ஒருபுறமிருக்க, பிள்ளைக்குக் கொடுக்கும் குவளை நீரை ஐயமின்றிக் கொடுக்கலாம்.